மாக் மண்டினில் மணி என்ன?

விஸ்வலிங்கம் மகளோடு பேசுவதை நிறுத்தி மூன்று வாரமாகிறது. தான் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று அர்ஜுனனின் பெயரைக் குணவதி வீட்டுக்குள் சொன்ன அன்று நின்ற பேச்சு அது. பையனிடம் குறை எதுவும் இல்லை. பத்து காவான் என்ற ஊரில் தோட்டத் தொழிலாளி மகனாகப் பிறந்தவன், அவ்வளவுதான். விஸ்வலிங்கத்தின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாகக் கப்பலேறி வந்தவர். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவர் மட்டுமே அளந்து வைத்திருந்தார்.

குணவதி அழவில்லை. அடுத்த வாரமே அர்ஜுனனோடு போய்ப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு வந்தாள். மாதக் கடைசியில் கல்யாணப் பதிவு. அப்பா வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வராவிட்டால் தனக்கு எப்படி இருக்கும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கெலுகோர் வீட்டில் இப்போது எல்லாப் பேச்சும் அம்மா யோகம்மா வழியாகத்தான் போய் வந்தது.

"அவளிட்டச் சொல்லு, குளிக்கிற அறை லைட்டை நிப்பாட்டேல்ல எண்டு," என்று நேற்று மாலை விஸ்வலிங்கம் சொன்னார். மகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

"அம்மா, நான் இன்னும் குளிக்கவே போகலன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் யோகம்மா. "என்ர அடுப்பில சொதி பொங்குது. நீங்களே சொல்லிக் கொள்ளுங்கோ."

யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. விளக்கு இரவு முழுக்க எரிந்தது.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், அப்பாவும் மகளும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். மருந்து மொத்த வியாபாரம். அலுவலகம் ஜார்ஜ் டவுன் பீச் ஸ்ட்ரீட்டில். மருந்துக் கிடங்கு கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில். எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். குணவதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். ரயில்வேயில் ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த அப்பாவை ஸ்டோரில் கிளார்க்காகச் சேர்த்துவிட்டதும் அவள்தான். தினமும் காலையில் கம்பெனி வேன் அவரைப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விடும். ஸ்டோரைத் திறப்பவர் அவர்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் உள்ளே நுழையும்போதே நூர்ஜான் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிகளின் ஆர்டரை எடுப்பவள் நூர்ஜான்.

"குணா, உன் மெஷின் என்னைத் திட்டுது லா. வந்து பாரு."

ஏற்பாடு சிக்கலானதல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். நூர்ஜான் மருந்தின் பெயரை அடிப்பாள். கேள்வி டெலிபோன் கம்பி வழியாக மாக் மண்டின் ஸ்டோரில் இருக்கும் சர்வருக்குப் போகும். இந்த நிமிடத்தில் அலமாரியில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று அது பதில் அனுப்பும். கேள்வி அனுப்பும் நிரலை எழுதியவள் குணவதி. நான்கு மாதமாக ஓடுகிறது. ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை.

இன்று எதைக் கேட்டாலும், செல்லாத கேள்வி என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி வந்து நின்றது.

"நேத்து வீட்டுக்குப் போற வரைக்கும் நல்லாதானே இருந்துச்சு?"

"நல்லாதான் இருந்துச்சு. நான் ஒண்ணையும் தொடல. அல்லா மேல சத்தியமா."

யாரும் எதையும் தொடவில்லை என்று சொல்லித்தான் எல்லாப் பிழையும் ஆரம்பிக்கும். எங்காவது யாராவது எதையாவது தொட்டிருப்பார்கள்.

குணவதி முதலில் மோடத்தைச் சந்தேகப்பட்டாள். அணைத்துப் போட்டாள். அது வழக்கம்போலக் கீச்சிட்டு மறுமுனையைப் பிடித்தது. அடுத்து, நூர்ஜானின் மெஷினை விட்டுவிட்டுத் தன் மெஷினிலிருந்து கேட்டுப் பார்த்தாள். அதே வரி. கேபிளை மாற்றினாள். அதே வரி. நேற்று இரவு பெய்த மழையைக் குற்றம் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். மழையாக இருந்தால் இணைப்பே அறுந்திருக்கும். இங்கே இணைப்பு இருக்கிறது. சர்வர் உயிரோடு இருந்து, தெளிவாக மறுக்கிறது.

பத்து மணிக்கு மேல் மேனேஜர் பழனியப்பன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பயம்.

"குணவதி, மூணு ஆஸ்பத்திரி என் லைனுக்கே போன் பண்ணிட்டாங்க. ஸ்டோருக்குப் போன் போட்டு, நேர்ல எண்ணிச் சொல்லச் சொன்னா என்ன?"

"போடறேன் சார்."

"இன்னும் போடலியா?"

ஸ்டோரில் போனை எடுப்பவர் யார் என்று அவருக்கும் தெரியும். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

"மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா கே.எல்.லேருந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அவன் வந்தா இந்த சிஸ்டத்தையே கழட்டச் சொல்வான். அவனுதை விக்கணும்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நூர்ஜான் ரிசீவரை எடுத்து நீட்டினாள். குணவதி தலையசைத்து மறுத்தாள்.

"கொஞ்சம் இரு. ஒண்ணு பாக்கறேன்."

அவள் கேள்வியை மாற்றினாள். இப்போது எவ்வளவு என்று கேட்காமல், நேற்று மாலை எவ்வளவு இருந்தது என்று கேட்டாள். உடனே பதில் வந்தது. பெட்டிக் கணக்கு அப்படியே சரி.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

"நேத்துன்னா சொல்லுது, இன்னிக்குன்னா சொல்ல மாட்டேங்குது," என்றாள் நூர்ஜான். "என் மாமியார் மாதிரி."

குணவதி இன்று காலை ஒன்பது மணிக்கு எவ்வளவு என்று கேட்டாள். பதில் வந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் எவ்வளவு என்று கேட்டாள். செல்லாத கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு சுவர் இருக்கிறது. நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். அரை மணி நேரத்துக்கு முந்தைய எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. அதற்குப் பிந்தைய எதற்கும் இல்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"நூர்ஜான், அங்க கடிகாரம் பின்னாடி ஓடுது. நம்ம இப்போன்னு சொல்ற நேரம் அந்த மெஷினுக்கு இன்னும் வரவே இல்ல. வராத நேரத்தைப் பத்திக் கேட்டா அது என்ன செய்யும்?"

"அப்ப சரி பண்ணு."

"இங்கேருந்து முடியாது. அந்த மெஷின் முன்னாடி ஆள் உக்காரணும்."

"அப்ப போன் போடு."

"நீ போடு."

நூர்ஜான் ரிசீவரைக் காதில் வைத்தாள். பிறகு எண்ணைச் சுழற்றினாள்.

"ஹலோ, அங்கிளா? நூர்ஜான் பேசறேன். பசியாறிட்டீங்களா? இங்க சிஸ்டம் ஓட மாட்டேங்குது அங்கிள். நீங்க சர்வர் முன்னாடி உக்காரணுமாம், குணா சொல்றா." கேட்டுவிட்டு ரிசீவரைக் கையால் மூடினாள். "எந்தக் குணான்னு கேக்கறாரு."

"அவர் பெத்த குணான்னு சொல்லு."

"அதைச் சொல்ல மாட்டேன். அங்கிள், உக்காந்துட்டீங்களா? சரி. டைம்னு அடிச்சு என்டர் தட்டணுமாம். என்ன வருது? பத்து நாப்பதா?"

குணவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து.

மெஷினின் கடிகாரம் பழுதானால் ஏழு நிமிடம் பிந்தும், இல்லாவிட்டால் நின்றே போகும். சரியாக அரை மணி நேரம் பிந்தாது. அதை ஒரு மனிதக் கைதான் செய்ய முடியும். இந்த நாட்டில் அந்த அரை மணி நேரத்துக்குக் கதை உண்டு. எண்பத்திரண்டு பிறந்த அன்று அரசாங்கம் எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. பத்து வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் ராகு காலம் பார்க்கும் சிலர் இன்னமும் அந்த அரை மணியைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். பழைய நேரம் என்று அதற்குப் பெயர். சூரியனுக்கு அரசாங்கம் கடிதம் போட்டதா என்று கேட்பார்கள். குணவதிக்கு அப்படி ஒருவரைத் தெரியும். இன்று காலை ஸ்டோரைத் திறந்தவரும் அவர்தான்.

"கேளு, யார் மணியை மாத்தினதுன்னு."

"இதெல்லாம் நான் கேக்க மாட்டேன் லா. வயசான மனுஷன்." நூர்ஜான் ரிசீவரை அவள் கையில் வைத்து அழுத்தினாள். "நீயே கேளு."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. இங்கே யோகம்மா இல்லை.

"அப்பா."

"ம்."

"மெஷின் மணியை யார் மாத்தினது?"

"நான்தான்."

ரயில்வேயில் முப்பது வருஷம் இருந்தும் அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பாஸ்வேர்டு இல்லாம எப்படி மாத்தினீங்க?"

"காலமை ஒருத்தரும் வர முன்னம் ஒரு பிளாப்பியைப் போட்டு மெஷினை நிப்பாட்டித் திருப்பிப் போட்டனான். நேரம் என்னண்டு அதுவே கேட்டது. பழைய நேரத்தைக் குடுத்தன். வேலை முடிய பிளாப்பியை எடுத்துப்போட்டுத் திரும்ப இருந்த மாதிரி விட்டனான். நேரத்தை மாத்த மறந்து போனன்."

"என்ன பிளாப்பி?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சின்னையா தந்தவர். சாதகம் பாக்கிற பிளாப்பி."

சின்னையா அப்பாவின் பழைய கூட்டாளி. குணவதி ரிசீவரை மறு காதுக்குக் கொண்டுபோனாள். நூர்ஜானும் கூடவே மறுபக்கம் வந்து நின்றாள்.

"ஜாதகத்துக்கு எதுக்கு மணியை மாத்தணும்?"

"எண்பத்திரண்டுக்கு முன்னம் பிறந்த பிள்ளையளை இப்பத்த நேரத்தில வச்சுக் கணக்குப் பார்த்தா அரை மணி பிழைக்கும். லக்கினமே மாறிப் போடும். அதான் மெஷினையும் பழைய நேரத்துக்குக் கொண்டு போனனான்."

"அப்பா, நீங்க அடிக்கிற பிறந்த நேரத்தை வச்சுத்தான் அது கணக்குப் போடும். மெஷின்ல இப்ப மணி என்னன்னு அது பாக்கவே பாக்காது."

"அப்ப நான் மாத்தினது வீணோ?"

"வீண்தான்."

"சின்னையா அதைச் சொல்லேல்ல," என்றார் விஸ்வலிங்கம்.

"யார் ஜாதகம்?"

"ரெண்டு பேர்ர."

"எந்த ரெண்டு பேர்?"

"முதல்ல மெஷினைச் சரியாக்குவம். அங்க ஆஸ்பத்திரிக்காரர் காத்துக்கொண்டெல்லோ நிக்கினம்."

அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த வீட்டில் ஜாதகம் பார்க்கும் வயதில் அவள் ஒருத்திதான். இன்னொன்று யாருடையது என்பதை நினைக்கவே அவளுக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது.  

இப்போது இன்னொரு வில்லங்கம் வந்தது. பிளாப்பி போட்டால் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரில் மாற்ற வேண்டுமானால் பாஸ்வேர்டு வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை வைத்தவள் அவள். நான்கு மாதத்துக்கு முன்னால், யாரிடமும் சொல்ல வேண்டி வராது என்ற நம்பிக்கையில் வைத்தது.

"அப்பா, ஒரு பாஸ்வேர்டு சொல்றேன், ஊர்ப் பேரோட. ஒவ்வொரு எழுத்தா அடிங்க. திரையில ஒண்ணும் தெரியாது, பரவாயில்ல."

"சொல்லு."

"ஏ. அம்பாங் ஏ."

"ம்."

"ஆர். ரவாங் ஆர்."

"ம்."

"ஜே." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஜொகூர் ஜே."

விசை தட்டும் சத்தம் நின்றது. நூர்ஜான் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள்.

"மிச்சம் எனக்குத் தெரியும்," என்றார் விஸ்வலிங்கம்.

விசைகள் தொடர்ந்து தட்டின. மெதுவாக, ஒற்றை விரலால். கடைசியில் என்டர்.

"உள்ள விட்டிட்டுது. இப்ப என்ன செய்ய?"

அவள் சொல்லச் சொல்ல அவர் சரியான மணியை அடித்தார். அடித்ததைத் திரும்பப் படித்துக் காட்டினார். ரயில்வேப் பழக்கம். படித்து முடித்ததும், "வடிவாப் பார், பிழையில்லையே?" என்று கேட்டார். பிழையில்லை.

நூர்ஜான் தன் மெஷினில் இன்சுலின் என்று அடித்து, இப்போது எவ்வளவு என்று கேட்டாள். மோடத்தின் சிவப்பு விளக்கு படபடத்தது. பதில் வந்தது.

"வந்துருச்சு லா," என்றாள். ஒவ்வொரு மருந்தாக அடித்துப் பார்த்தாள். எல்லாம் வந்தது. போன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். காலையிலிருந்து கட்டிக் கிடந்த வேலை கரைய ஆரம்பித்தது.

குணவதி ரிசீவரில், "சரியாயிடுச்சு அப்பா. காலைல வெளிய போன சரக்குக்கெல்லாம் அரை மணி கம்மியா நேரம் விழுந்திருக்கும். அதை நான் சாயங்காலம் திருத்திக்கறேன்," என்றாள்.

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

வேலைக்காகப் பேசினார், வேலை முடிந்ததும் வைத்துவிட்டார். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று குணவதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேனேஜரின் அறைக் கதவைத் தட்டினாள்.

பழனியப்பன் எல்லாவற்றையும் கேட்டார். ஸ்டோர் சர்வரின் கடிகாரம் பிந்திவிட்டது, சரி செய்தாயிற்று, இனிமேல் இரண்டு மெஷினும் தினம் காலையில் மணியை ஒப்பிட்டுக்கொள்ளும்படி எழுதிவிடுகிறேன் என்றாள்.

"எவ்வளவு பிந்துச்சு?"

"அரை மணி."

"கரெக்டா அரை மணியா?" அவர் பேனாவை மூடினார். "உங்கப்பா வேலையா?"

அவள் தயங்கவில்லை. "ஆமா சார். எங்கப்பாதான்."

"எதுக்கு?"

"சொந்த விஷயம் சார். கம்பெனி மெஷின்ல சொந்த வேலை பாத்தது தப்புதான். நான் சொல்லி வைக்கறேன்."

பழனியப்பன் பேனாவைப் பாக்கெட்டில் செருகினார்.

"எங்கம்மா இன்னும் பழைய மணிக்குத்தான் விளக்கேத்துது. விடுங்க. அவர்கிட்ட சொல்லுங்க, சர்வர்ல மட்டும் அரசாங்க மணி இருக்கட்டும்னு. கே.எல். ஆளை நான் கூப்பிடல." பிறகு, "சாப்பிடப் போங்க. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு," என்றார்.

அவள் வெளியே வந்து, நூர்ஜான் வாங்கி வைத்திருந்த நாசி கண்டார் சோற்றை முழுவதும் தின்று தீர்த்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தின்னும்போதுதான் தெரிந்தது.

"அந்தப் பாஸ்வேர்டை மொதல்ல மாத்து," என்றாள் நூர்ஜான். "ஸ்டோர் வரைக்கும் தெரிஞ்சு போச்சு."

மூன்று மணிக்கு மேல் போன் அடித்தது. நூர்ஜான் எடுத்தாள், கேட்டாள், ரிசீவரை நீட்டினாள்.

"குணா," என்றது அப்பாவின் குரல். "பத்தில ஏழு பொருந்துது."

அவளுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"ஏழு போதுமா அப்பா?"

"எனக்கும் உன்ர அம்மாவுக்கும் அஞ்சுதான். பதிவு எத்தினை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"வாறன்."

குணவதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 

"கேக்குதோ?"

"கேக்குது அப்பா." பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. "அர்ஜுனன் பிறந்த நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியாது."

"தாயிட்டக் கேட்டனான்."

"எந்தத் தாய்?"

"அவன்ர தாய். நல்லம்மாள். சனிக்கிழமை சின்னையா வீட்டுக்கு எண்டு சொல்லிப்போட்டு பத்து காவானுக்குத்தான் போனனான். அவர்ர காரில." அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல மனிசி. தேத்தண்ணி தந்தவ. பிறந்த நேரமும் சொன்னவ. ஆனா ஒண்டு கேட்டவ."

"என்ன?"

"பதிவுக்கு முன்னம் நீ ஒருக்கா தனிய வந்து பாக்க வேணுமாம். பெடியனுக்குத் தெரிய வேண்டாமாம்."

"ஏன்?"

"நான் கேக்கேல்ல. பெம்பிளையளுக்குள்ள கதை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போறன். நான் வெளியில வாசலடியில நிப்பன்."

இந்த முறை அவராகப் போனை வைக்கவில்லை. அவள் வைக்கும் வரை காத்திருந்தார்.

மாலை பெங்காலான் வெல்ட் பஸ் நிலையத்தில் அர்ஜுனன் நின்றிருந்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சட்டையில், கையில் ஹெல்மெட்டோடு. அவள் நடந்து வந்த வேகத்தைப் பார்த்தே ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன, மாட்டுக்கு மாதிரி மெஷினுக்கும் பொங்கலா?"

"அப்பா வர்றாரு," என்றாள். "பதிவுக்கு. போன்ல சொன்னாரு."

அவன் ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உண்மையாவா?" என்று கேட்டான். உண்மைதான் என்றாள். மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். ஃபெர்ரி வந்து சேர்ந்து, ஆட்கள் இறங்கி, அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் வழியில் நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நின்றார்கள்.

மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அவள் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்: "உங்கம்மா எப்படி இருக்காங்க?"

அவன் சாவியைத் திருகவில்லை.

"ஏன்? உங்கப்பா அவங்களப் போய்ப் பாத்தாரா?"

அப்பா பத்து காவானுக்குப் போனதை அவள் சொல்லியிருக்கவில்லை. ஒரு வார்த்தைகூட. தாய் அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றது எதுவோ, அதை அவனும் அறிந்தேதான் இருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.